ஷார்ஜாவில் சம்பளம், திருப்பாலையில் வீடு: கணக்கு இப்படிப் போடுங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: வந்து ஒரு வருஷம், கையில் 15 லட்சம், மதுரை திருப்பாலையில் 40 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு. மீதிக்கு ஊரில் ஹோம் லோனா, இங்கேயே பெர்சனல் லோனா?

பெர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். இங்கே 48 மாசத்துக்குள் கட்டி முடிக்கணும். வட்டியே இல்லைன்னு வச்சாலும் 25 லட்சத்துக்கு மாசம் 52,000 ரூபாய். நடுவில் வேலை போனால், வேலை முடியும்போது கம்பெனி தர்ற கிராஜுவிட்டியும் கடனுக்கே போயிடும்.

ஊர் லோனில் 30 லட்சத்துக்கு மேல் போனால் வீட்டு விலையில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 32 லட்சம் எடுத்தால், 9% வட்டின்னு வச்சு 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 28,800. உங்க பங்கு 8 லட்சம்னு நிறுத்திடாதீங்க. முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்: 3.6 லட்சம். இதை வங்கி தராது. புரோக்கர், வக்கீல், பிராசஸிங் கட்டணம் எல்லாம் சேர்த்தால் உங்க பங்கு பன்னிரண்டரை லட்சத்தைத் தொடும். பழைய கட்டடம் என்பதால் வங்கி மதிப்பீட்டாளர் 36 லட்சம்னு எழுதிட்டால் லோனும் அதுக்குத் தக்கபடி இறங்கும். அதனால லோன் தொகையை வங்கி உறுதி செய்யாமல் முழு அட்வான்ஸ் போடாதீங்க.

"பத்திரத்தில் 28 லட்சம் போட்டுக்கலாம், மிச்சத்தைக் கையில் கொடுங்க"ன்னு ஒருத்தர் கட்டாயம் சொல்வார். லோன் 30 லட்சத்துக்குள் என்பதால் 28-க்கு 90 சதவீதமே கிடைச்சாலும் லோன் 25 லட்சம்தான். உங்க கையிலிருந்து 15 லட்சம், பதிவுச் செலவு தனி. பின்னால் விற்கும்போது லாபம் அதிகமாத் தெரிஞ்சு வரியும் கூடும். அதோட, என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) பணம் வங்கி வழியாத்தான் போகணும்: வெளிநாட்டிலிருந்து நேரா அனுப்பணும், இல்லைன்னா என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பளத்துக்கான கணக்கு), என்.ஆர்.ஓ. (ஊர் வருமானத்துக்கான கணக்கு) மாதிரி கணக்கிலிருந்து கொடுக்கணும்.

வாடகையை நம்பி இ.எம்.ஐ. கணக்குப் போடாதீங்க. 12,000 வாடகை வந்தாலும் குடியிருக்கிறவர் 31.2% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடிக்கணும், கையில் வர்றது 8,250 போல. வருமான வரி ரிட்டர்ன் போட்டால்தான் கூடுதலாப் பிடிச்சது திரும்பி வரும். வீடு வாழ்றதுக்கோ அப்பா அம்மாவுக்கோன்னா சரி. வருமானத்துக்குன்னா என்.ஆர்.இ. டெபாசிட்டே மேல், அந்த வட்டிக்கு ஊரில் வரி இல்லை.

அழகர்கோயில் ரோட்டில் தோப்பு சல்லிசா வருதுன்னா மயங்காதீங்க. விவசாய நிலம், பண்ணை வீடு எல்லாம் என்.ஆர்.ஐ.யான நம்ம பேரில் வாங்கக் கூடாது. மச்சான் பேரில் வாங்கினால் அது பினாமி.

வீட்டுக்கு மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, விற்கிறவர் பேரில் பட்டா மூணும் பொருந்தணும். விற்கிறவரும் வெளிநாட்டில் இருந்தால் அவருக்கு நீங்கதான் டி.டி.எஸ். பிடிக்கணும்; மறந்தால் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

உங்களுக்குப் பதிலா கையெழுத்துப் போட அக்காவுக்குப் பவர் பத்திரம் கொடுக்கிறதுன்னா துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் பண்ணி, வாங்கவும் லோன் கையெழுத்துக்கும் மட்டும் எழுதுங்க, விற்க எழுதாதீங்க. பவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாசத்துக்குள் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் கட்டிடணும்.