‘கட்டணம் இல்லை’ என்கிறார்கள், பணம் ஏன் குறைகிறது?

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்கிறேன். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். நான் பயன்படுத்தும் ஆப்பில் ‘கட்டணம் இல்லை’ என்று போட்டிருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் எங்கோ இடிக்கிறது. ஒருமுறை வங்கி வழியாக அனுப்பினேன். தொகை குறைந்து, நாலு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இப்போது வேறொரு நாட்டிலிருந்து எனக்கு ஒரு தொகை வர வேண்டியிருக்கிறது. எப்படி வாங்குவது நல்லது? கூட இருப்பவர்கள் உண்டியலில், அதாவது வங்கி வழியாகப் போகாமல் தனி ஆள் மூலம் அனுப்பும் ஹவாலா முறையில், அனுப்பினால் லாபம் என்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: முதலில், கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதை விட்டுவிடுங்கள். நான் 1,000 கொடுத்தால் அங்கே கணக்கில் எவ்வளவு விழும்? இதை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடைசித் தொகைதான் உண்மையான விலையைச் சொல்லும்.

நாணயச் சந்தையில் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நடுச்சந்தை விகிதம். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அதுதான் வரும். பணம் அனுப்பும் நிறுவனம் பல நேரம் அதிலிருந்து கொஞ்சம் குறைத்துத்தான் உங்களுக்குத் தருகிறது. நடுச்சந்தை விகிதம் 50 என்று வைத்துக்கொள்வோம். ‘கட்டணம் இல்லை’ என்கிற நிறுவனம் 48.75 தருகிறது. 1,000 அனுப்பினால் 48,750 போய்ச் சேரும். இன்னொரு நிறுவனம் 8 கட்டணம் பிடித்துக்கொண்டு, மீதி 992-க்கு 49.80 தருகிறது. போய்ச் சேருவது 49,401. கட்டணம் வாங்கிய இடத்தில்தான் 651 கூடுதலாகக் கிடைக்கிறது. உங்கள் ஆப்பில் இடிக்கிற இடம் அநேகமாக இதுதான்.

மொத்தச் செலவு எவ்வளவு வரை நியாயம்? 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. 200 டாலர் அனுப்ப ஆகும் செலவை உலக வங்கி தொடர்ந்து கணக்கெடுக்கிறது. சமீப ஆண்டுகளில் உலக சராசரி 6 சதவீதத்துக்கு மேல். உங்களுக்கு 3 சதவீதத்துக்கு மேல் போகிறது என்றால் வேறு இடம் தேடுவது நல்லது. கிரெடிட் கார்டிலிருந்து மட்டும் அனுப்பாதீர்கள். பல வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாகக் கருதி, தனிக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் போடும்.

சரி, வங்கி வழியாக அனுப்பியபோது ஏன் குறைந்தது? வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு. அது பணத்தைக் கொண்டுபோவதில்லை. வங்கிகளுக்கு இடையே செய்தியை மட்டும்தான் கொண்டுபோகிறது. பணம் நகர்வது, வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகள் வழியாக. உங்கள் வங்கிக்கும் அந்த ஊர் வங்கிக்கும் அப்படி நேரடிக் கணக்கு இல்லாவிட்டால் நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் வரும். அவை தங்கள் கட்டணத்தை அனுப்பிய தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும்: ஓ.யு.ஆர் என்றால் அனுப்புபவர், பி.இ.என் என்றால் பெறுபவர், எஸ்.எச்.ஏ என்றால் பகிர்வு. கல்லூரிக் கட்டணம், வாடகை முன்பணம் போல முழுத் தொகையும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஓ.யு.ஆர் தேர்ந்தெடுங்கள். அப்புறம், எந்த நாணயத்தில் அனுப்புகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் நாணயத்திலேயே அனுப்பினால் அந்த ஊர் வங்கி தன் விகிதத்தில் மாற்றும், அந்த விகிதம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது.

பணம் அனுப்பும் ஆப்களில் பல, வங்கியிலிருந்து மாறுபட்டு இயங்குகின்றன. இரண்டு நாட்டிலும் பணம் வைத்திருப்பார்கள். இங்கே உங்களிடம் வாங்கிக்கொண்டு, அங்கே தங்கள் கணக்கிலிருந்து கொடுப்பார்கள். நடு வங்கி இல்லாததால் வழியில் தொகை குறையாது. மாதாமாதம் அனுப்புகிற சிறு தொகைக்கு என் தேர்வு இதுதான். வீடு வாங்குவது போன்ற பெரிய தொகைக்கு வங்கியிலும் விசாரியுங்கள், இன்னும் நல்ல விகிதம் பேசி வாங்க இடம் கொடுக்கலாம்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் பெயர்ப் பொருத்தமின்மை, தடைப்பட்டியல் சோதனை (பணம் அனுப்பத் தடை உள்ளவர்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது), அல்லது இரண்டு நாட்டில் ஏதோ ஒன்றில் வங்கி விடுமுறை. அடுத்த முறை ‘வரும், காத்திருங்கள்’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு ஸ்விஃப்ட் பரிமாற்றத்துக்கும் யு.இ.டி.ஆர் என்று ஒரு அடையாளக் குறி உண்டு. கோடுகளையும் சேர்த்தால் 36 எழுத்து நீளம். அதையும் பரிமாற்றச் செய்தியின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அதை வைத்துத்தான் தேட முடியும். கேட்க வேண்டியது அனுப்பியவர். பெறுபவர் தன் வங்கியில் போய் நின்றால் ‘எங்களுக்கு இன்னும் வரவில்லை’ என்பதோடு முடிந்துவிடும்.

இனி, உங்களுக்கு வர வேண்டிய தொகை. வங்கியில் உள்ளபடியே முழுப்பெயர், கணக்கு எண் அல்லது ஐபான் (பல நாடுகளில் பயன்படும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்), வங்கியின் 8 அல்லது 11 எழுத்து ஸ்விஃப்ட் குறியீடு, எதற்கான பணம் என்ற காரணம், இவ்வளவையும் கொடுங்கள். ஐபான் எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்கா அதைப் பயன்படுத்துவதில்லை, அங்கே கணக்கு எண்ணோடு, வங்கியை அடையாளம் காட்டும் 9 இலக்க ரூட்டிங் எண். ஐபானில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்த 2 இலக்கங்கள் சரிபார்ப்புக்காக இருப்பவை. ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டால் அதை வைத்தே பிழை தெரிந்துவிடும். ஆனால் யாராவது உங்கள் மின்னஞ்சலுக்குள் புகுந்து தன் ஐபானை மாற்றி வைத்தால் இந்தச் சோதனை பிடிக்காது. ஆகவே கணக்கு விவரத்தை அனுப்பிவிட்டு, தொலைபேசியிலும் ஒருமுறை படித்துச் சொல்லிவிடுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் ஒரு சிறு தொகை வரட்டும். அடிக்கடி பணம் வரும் என்றால் பல நாணயக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அனுப்புபவருடைய நாட்டு நாணயத்திலேயே உங்களுக்கு ஒரு கணக்கு எண் கிடைத்தால், அவருக்கு அது உள்நாட்டுப் பரிமாற்றம்தான். வந்த பணத்தை உங்களுக்கு வசதியான நாளில் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக உண்டியல். வேண்டாம். விகிதம் கவர்ச்சியாக இருக்கிறது, வீட்டு வாசலிலேயே கொடுக்கிறார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே உங்கள் வீட்டாருக்குப் பணம் கொடுப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. கையில் கொடுக்காமல் வங்கியில் போட்டால், முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து அது வரும். அந்தக் கணக்கு ஏதாவது மோசடியில் சிக்கியிருந்தால், விசாரணையில் உங்கள் அம்மாவின் கணக்கும் சேர்ந்து முடக்கப்படலாம். நீங்கள் பல நாடுகளுக்கு அப்பால் இருக்கும்போது காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அலைவது அவர்தான். பணம் போய்ச் சேராவிட்டால் புகார் கொடுக்க ஒரு ரசீதுகூட இருக்காது. பல நாடுகளில் இது நேரடியாகவே குற்றம். பின்னாளில் நிலம் வாங்கும்போது ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால் காட்டவும் ஒன்றும் இருக்காது.

முறையான வழியில் அனுப்பிய ரசீதுகளையும் சம்பளச் சீட்டுகளையும் வருடவாரியாகச் சேர்த்து வையுங்கள். இவ்வளவுக்கு மேல் போனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரம்புக்குத் தப்பிக்கத் தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பாதீர்கள், சில நாடுகளில் அப்படிப் பிரிப்பதே தனிக் குற்றம். புதிய நிறுவனம் எதையாவது தேர்ந்தெடுத்தால், நீங்கள் இருக்கும் நாட்டின் மத்திய வங்கி அல்லது நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த நிறுவனம் அனுப்பும் இணைப்பு வழியாகப் போகாமல், ஆணையத்தின் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள்.