உபுண்டுவில் ‘பிப்’ ஏன் மறுக்கிறது?

கேள்வி: உபுண்டு 22.04 இயங்குதளத்தில் ‘பிப்’ என்ற நிறுவியைக் கொண்டு பைதன் பொதிகளைத் தடையில்லாமல் நிறுவினேன். 24.04 போட்ட பிறகு ‘எக்ஸ்டேர்னலி மனேஜ்ட்’ (வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது) என்று மறுக்கிறது. தடையை மீறவைக்கும் ‘பிறேக் சிஸ்டம் பக்கேஜஸ்’ என்ற தெரிவைச் சேர்த்தால் சரிவரும் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: வேண்டாம். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல பைதனில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு வேண்டிய நூலகங்களை உபுண்டுவின் சொந்த நிறுவியான ‘ஆப்ட்’ போட்டு வைத்திருக்கும். நீங்கள் நிர்வாகி உரிமையோடு ‘சூடோ பிப்’ என்று நிறுவுபவை ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ கோப்புறைக்குப் போகும். ஆப்ட் போட்டவற்றுக்கு முன்பே பைதன் அங்கே தேடும். அங்கே ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்தின் வேறு பதிப்பு கிடந்தால் சிஸ்டம் கருவியும் அதையே எடுத்துக்கொண்டு இடையில் விழுந்துவிடலாம். ஆப்டுக்கு அந்தப் பிரதியைத் தெரியாது. அதனால் ஆப்டால் எத்தனை தரம் மீள நிறுவினாலும் பழுது போகாது.

இதைத் தடுக்கத்தான் ‘பெப் 668’ என்ற பைதன் வரைமுறை வந்தது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின், 2023இல் வெளியான 12ஆம் பதிப்பிலும் இதே தடைதான். பைதன் கோப்புறையில் இருக்கும் ஒரு சின்னக் கோப்பைக் கண்டதும் பிப் நின்றுவிடும். அதை அழித்தாலும் அடுத்த பைதன் இற்றைப்படுத்தலோடு திரும்ப வரும்.

முதலில் ஆப்டில் தேடுங்கள். கணித நூலகமான நம்பை போன்றவை அங்கேயே உண்டு. புதிய பதிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு வேலைக்கும் தனி ‘வென்வ்’ அமையுங்கள். சிஸ்டத்தைத் தொடாமல் பொதிகளைப் பிரித்து வைக்கும் பைதன் கோப்புறை அது. ‘பைதன்3-வென்வ்’ பொதியை ஆப்டால் போட்டுவிட்டு, ‘பைதன்3 -எம் வென்வ் கணக்கு’ என்று கொடுத்தால் ‘கணக்கு’ என்ற கோப்புறை உருவாகும். அந்தப் பொதி இல்லாமல் ஓட்டியிருந்தால் அரைகுறைக் கோப்புறை ஒன்று மிஞ்சியிருக்கும். அழித்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். பிறகு ‘சோர்ஸ் கணக்கு/பின்/அக்டிவேற்’ என்று கொடுத்து வென்வுக்குள் நுழைந்து பிப்பால் நிறுவுங்கள். இதற்குள் சூடோ போடக்கூடாது, போட்டால் சிஸ்டத்தின் பிப்தான் ஓடும். கோப்புறையை இடம் மாற்றவும் கூடாது, உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அதே பதிப்பை இன்னொரு வென்வில் போட்டால் பிப் சேமித்து வைத்ததையே எடுக்கும், டேற்றா வீணாகாது. காணொளி இறக்கும் வை.ரி.-டிஎல்பி போன்ற தனிக் கட்டளைகளுக்கு, தானே வென்வ் அமைத்து நிறுவும் ‘பிப்எக்ஸ்’ போதும்.

தடை சரியானதே. ஆனால் தடையை எல்லோருக்கும் போட்டுவிட்டு, மாற்றுவழியான வென்வைத் தனிப் பொதியாக ஒதுக்கியது பிழை. இணையம் இல்லாத பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் என்ன செய்வார்? ரஸ்ட் மொழியின் நிறுவியான ‘கார்கோ’ கேட்காமலே பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் நிறுவுகிறது. பிப்பையும் ஜாவாஸ்கிரிப்ற்றின் நிறுவியான என்பிஎம்மையும் உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்கள் அப்படித்தான் அமைத்துத் தரவேண்டும்.

ஏற்கெனவே ‘பிறேக் சிஸ்டம் பக்கேஜஸ்’ தெரிவோடு எதையாவது நிறுவியிருந்தால் ‘பிப் அன்இன்ஸ்டோல்’ கொடுத்து நீக்குங்கள். நீக்கவும் அதே தெரிவைக் கேட்கும். அங்கே மட்டும் அதைப் பாவிக்கலாம்.