வாய்க்கால் பாலம்: சாலை யாருடையது என்று முதலில் கேளுங்கள்

வணக்கம் நண்பரே. டெல்டாவில் உங்கள் பேரூராட்சியின் பாசன வாய்க்கால் பாலத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்து கம்பி தெரிகிறது, பேரூராட்சியும் நீர்வளத்துறையும் மாறி மாறிக் கைகாட்டுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே ஆற்றாமையாக இருந்தது.

வாய்க்கால் நீர்வளத்துறையுடையது என்பதாலேயே பாலமும் அவர்களுடையது ஆகிவிடாது. சாலை யாருடைய பதிவேட்டில் இருக்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் இதை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பேரூராட்சியுடையது என்றால், செயல் அலுவலரிடம் முதலில் புதிய பாலத்துக்கான செலவு மதிப்பீடு தயாரிக்கச் சொல்லுங்கள். மதிப்பீடு இல்லாத மனு மேசையை விட்டு நகராது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்தான், அதுவும் தொகுதி முழுவதற்கும். செலவு அதற்கு மீறினால் நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) கடன் நிதிக்கு முன்மொழிவு அனுப்ப வலியுறுத்துங்கள்.

வாய்க்கால் அவர்களுடையது என்பதால், உண்மையான இழுபறி நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றில்தான் (கட்ட ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்). புதிய பாலம் நீர்வழியைக் குறுக்கக் கூடாது. நடுவில் தூண் நின்றால் ஆகாயத்தாமரை சிக்கி, தண்ணீர் எதிர்த்துக் கரை உடையும். முடிந்தவரை நடுத்தூண் இல்லாத ஒரே கண் பாலமாக வரையச் சொல்லுங்கள்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறக்கப்படும். அடித்தளப் பணிக்கு அந்த இடைவெளிதான் கிடைக்கும். ஆகவே சான்று கோரும் கடிதம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போய்விட வேண்டும். பணி நடக்கும்போது கடந்து போக, குழாய்கள் பதித்த தற்காலிகப் பாலத்தையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை கனரக வாகனங்களுக்குத் தடை கேட்டு ஆட்சியரிடம் இந்த வாரமே மனு கொடுங்கள்.