துக்க வீடும் போதகரின் மனச்சாட்சியும்: சில கேள்விகள், என் பதில்கள்

திருகோணமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் முப்பது வருடம் போதகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வந்த கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டேன்.

ஐயா, எங்கள் சபையில் ஒரு வீட்டில் பிள்ளை கடலில் போய்விட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாளாகப் போகாமல் இருக்கிறேன். (வாலிபர் குழுத் தலைவர், உவர்மலை)

இன்றைக்கே போங்கள் தம்பி. வேதத்தில் பிள்ளைகளை இழந்து துக்கித்த யோபுவின் நண்பர்களைக் குறை சொல்லியே நமக்குப் பழக்கம். ஆனால் முதல் ஏழு நாளும் அவர்கள் செய்தது நல்ல ஊழியம். அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் விளக்கம் சொல்லத் தொடங்கியதில்தான் கெட்டார்கள். ‘தேவனுக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செத்த லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே. கதிரை அடுக்குங்கள், தேத்தண்ணி கொடுங்கள். முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து சனம் கலைந்த பிறகு இன்னொரு தடவை போங்கள். அப்போதுதான் வீடு வெறிச்சென்று இருக்கும்.

மகன் காணாமல் போய்ப் பல வருடம். நினைவு ஆராதனை வைத்து மனதை ஆற்றிக்கொள்ளச் சொல்கிறார் எங்கள் போதகர். எனக்கு மனம் வரவில்லை. (ஒரு தாய், மூதூர்ப் பக்கம்)

வைக்க வேண்டாம் அம்மா. உங்களுக்காக அதை முடித்துவைக்கிற உரிமை எவருக்கும் இல்லை. செத்தவருக்கு அழலாம், உயிரோடிருப்பவருக்குக் காத்திருக்கலாம். இரண்டில் எதுவென்று தெரியாத துக்கத்துக்கு நம் ஆராதனை முறையில் இடமே வைக்கவில்லை. அந்தக் குறை எங்களுடையது. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். ஆறுதல் சொல்லாமல் இருளிலேயே முடிகிற ஜெபம் அது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. ஞாயிறு ஜெபத்தில் மகனின் பெயரைச் சொல்லும்படி போதகரிடம் கேளுங்கள்.

உலருணவுப் பொதி கொடுக்கும்போது படம் எடுக்கத்தானே வேண்டும்? உதவி அனுப்பியவர்கள் கேட்கிறார்கள். (உதவிக்குழு, நிலாவெளி)

சாமான் கணக்கையும் ஒப்பமிட்ட பட்டியலையும் அனுப்புங்கள். முகம் வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த பிறகு, ஒரு முகாமில் பால்மா கொடுத்தேன். படம் சரியாக விழவில்லை என்று ஒரு பெண்ணை மறுபடி வரிசையில் நிற்கச் சொன்னேன். அவள் பேசாமல் நின்றாள். அந்தப் படம் எங்கள் அறிக்கையின் அட்டையில் வந்தது. பாராட்டும் கிடைத்தது. அவளுடைய பெயரை நான் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு வருடம் எடுத்தது.

சைவ, முஸ்லிம் குடும்பங்களுக்குக் கொடுக்கும்போது முதலில் ஜெபம் பண்ணலாமா?

அவர்கள் கேட்டால் பண்ணலாம். பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு பண்ணுவது ஜெபமல்ல, பேரம்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்கிறார் ஒரு சகோதரி. ஜெபம் போதுமா, டாக்டரிடம் அனுப்பவா?

இரண்டும் வேண்டும், ஆனால் டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இணைப்பு. எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பாடு கொடுத்தான்.

சபைப் பணம் முழுவதும் போதகர் கையில். கணக்குக் கேட்டால் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே’ என்கிறார். (சபைக்குழு உறுப்பினர்)

இந்த வசனத்துக்கு என்னென்ன வேலையெல்லாம் கொடுக்கிறார்கள்! 105ஆம் சங்கீதம் அங்கே பேசுவது ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி. அவர்களுக்கு ஒருவரும் தீங்கு செய்யக்கூடாது என்பதுதான் பொருள், கணக்குக் கேட்கக்கூடாது என்பதல்ல. தன்னைக் கொல்லத் தேடிய, அபிஷேகம்பண்ணப்பட்ட அரசன் சவுல் குகையில் கைக்கெட்டியபோதும் தாவீது அவனைக் கொல்லவில்லை. ஆனால் குகைக்கு வெளியே வந்து நியாயம் கேட்டான். பிறகு அதே தாவீது அரசனாகித் தவறினபோது ‘நீயே அந்த மனுஷன்’ என்று நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே சொன்னான். பவுலும் எருசலேமுக்கான காணிக்கையைத் தனியே கொண்டுபோகவில்லை, குற்றச்சாட்டு வரக்கூடாதென்று வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு பேராகப் போய், மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மேலிடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பன்னிரண்டு வருடமாக ஊழியம் செய்கிறேன். என்னை நானே எப்படி ஆராய்வது ஐயா?

‘தேவனே, என்னை ஆராய்ந்து’ என்கிற 139ஆம் சங்கீதத்தோடு தொடங்குங்கள். ஆனால் தனியே செய்தால் நம் மனம் நமக்கே வக்கீலாகிவிடும். மெதடிஸ்தர் இலங்கைக்கு வந்தது 1814இல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1738இல், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி சிறு குழுக்களுக்கு ஒரு ஒழுங்கு எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, கடந்த தடவைக்குப் பிறகு தெரிந்து என்ன பாவம் செய்தாய் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். நாங்கள் அவரும் தம்பி சார்ள்ஸும் தந்த பாட்டுக்களை வைத்துக்கொண்டோம், கேள்விகளை விட்டுவிட்டோம்.

அதோடு என்னுடைய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் எந்த வீட்டுக்குப் போகாமல் தவிர்த்தேன்? ஒருவர் அழுதபோது அதைப் பிரசங்கத்துக்கு உதாரணமாக எடுக்கலாம் என்று நினைத்தேனா? என்னைக் கண்டால் பயப்படுகிறவர் யார்?

உங்களை யார் கேள்வி கேட்கிறார், ஐயா?

மனைவி, தினமும். அப்புறம் உப்புவெளியில் ஒருவர் இருக்கிறார், எங்கள் பழைய பொருளாளர். ஒருகாலத்தில் கணக்கில் பிழை காட்டியதற்காக நான் கூட்டத்தில் வைத்துக் கோபித்த ஆள். மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போவேன். முதல் மூன்று மாதமும் அவர் காலநிலையைப் பற்றி மட்டும்தான் பேசினார்.