மார்க் போட வராதவர்கள்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் 33 ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் நாத்தனாருக்குத் துணையாக ஒரு வார்டில் நான்கு நாள் இருந்தேன். கண்ணில் பட்ட குறையைச் சொல்ல வாயெடுத்தால், "நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களேம்மா" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஒரு பார்மசிஸ்ட் உட்பட ஓய்வு பெற்ற நாங்கள் மூன்று பேர், வாரம் ஒரு நாள் வார்டுக்குப் போய் நல்லது கெட்டதை எடுத்துச் சொல்லலாம் என்று இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். வெளிநாட்டில் இப்படி உண்டு என்கிறாள் மகள். இது உதவியா, வேண்டாத வேலையா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உதவிதான். ஆனால் அந்தப் பெண் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிடந்தார். பெயர் வேண்டாம். எட்டாம் நாள், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, முதுகுக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தார். என் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. படுக்கைப்புண் சிவப்பாக ஆரம்பிக்கும் என்றுதான் படித்திருக்கிறோம். நம் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாக, கொஞ்சம் இறுகி இருக்கும், அவ்வளவுதான். அவர் சத்தம் போடவில்லை. டியூட்டியில் இருந்த சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "கண்ணு, உன் கையை வெச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. அன்று ராத்திரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். நேரத்தைக் குறிக்க, கிழித்த காலண்டர் தாளைத் திருப்பிக் கட்டில் கம்பியில் கட்டியவள் அதே பெண்தான்.

நீங்கள் அந்த நர்ஸம்மாவாகப் போனால் போதும். "எங்க காலத்துல" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். கண்ணாடி சிரிஞ்சை வேகவைத்த கதையை டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், உங்களைப் பார்த்துச் சிரித்த அந்த நர்ஸ் பெண் எத்தனை கட்டிலுக்கு ஒருத்தி என்று எண்ணினீர்களா? இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில், மருத்துவக் கல்லூரி என்றால் 3 நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் 5 பேருக்கு ஒருவர். ராத்திரி டியூட்டியில் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? அவளிடம் குறையைச் சொன்ன அதே வாயால், ஆள் போதவில்லை என்று மேலேயும் போய்ச் சொல்லுங்கள். அவள் சொன்னால் மெமோ வரும். உங்களுக்கு யார் மெமோ கொடுப்பது?

உங்கள் மாவட்டத்தில் இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பாட்டிகள் பலருக்குத் தெலுங்கோ கன்னடமோதான் வாயில் வரும். திருநெல்வேலியிலிருந்து போஸ்டிங்கில் வந்த பெண்ணிடம் பாட்டி "நொப்பி, நொப்பி" என்றால் அவள் என்ன செய்வாள்? வலி என்கிறாள் என்று உங்களுக்குக் கேட்ட உடனே புரியும். எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டுச் சொல்லிவிட்டு, நாலு வார்த்தை அந்தப் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆஸ்பத்திரியில் இடம் கொடுக்காவிட்டால் வீடுகள் இருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் அதில் உண்டு. அவர்களோடு ஒரு நாள் போய் வாருங்கள். படுக்கைப்புண் பாதி வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்காணிப்பாளரைக் கேளுங்கள், நோயாளர் நலச் சங்கத்துக்கும் ஒரு மனு கொடுங்கள். வார்டில் பார்த்தது தெருவுக்கு வரக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும், கூட வருகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரிச் சுத்தத்துக்கு மதிப்பெண் போடக் காயகல்ப் திட்டக் குழுக்கள் 2015 முதலே வருகின்றன, அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். அதனால் மனுவில் 'ஆய்வு' என்ற சொல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் நீங்கள் போவதற்குள் எல்லாக் கட்டிலிலும் புது விரிப்பு விழுந்திருக்கும்.