டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்குப் போவது மட்டும்தானா?

ஆஸ்பத்திரியில் ஒரு அர்த்தம், கோர்ட்டில் ஒரு அர்த்தம், பேட்டரிக்கு இன்னொன்று. 'டிஸ்சார்ஜ்' என்பதை எப்படித்தான் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரையோ அட்மிட் செய்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் 16 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். இந்த ஒரு சொல்லால் ஒரு அம்மாவைக் கலங்க வைத்திருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிது. மதுரைப் பக்கம், சர்ஜரி வார்டு. அந்த அம்மாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். காலையில் கட்டுப் பிரித்தபோது துணியில் மஞ்சளாக, ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். ட்யூட்டி மாறும்போது கட்டில் பக்கத்திலேயே நின்று, "ஏழாம் பெட் டிஸ்சார்ஜ் இருக்கு சிஸ்டர், டாக்டர்கிட்ட சொல்லிருங்க" என்றேன். மருமகள் காதில் விழுந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனால், பிளாஸ்க்கும் தட்டும் ஒயர்கூடைக்குள் இருக்கின்றன. மகன் ஆட்டோவைக் கேட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அந்த அம்மா தலை சீவி, பூ வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "கெளம்பலாமா தாயி?"

"புண்ணுல நீர் கசியுது ஆத்தா, அதைத்தான் அப்படிச் சொன்னேன்." அவர் ஒன்றும் பேசவில்லை. பூவைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தார். மேலும் ஒன்பது நாள் இருந்தார்கள்.

இங்கிலீஷ் தெரியாததால் வந்த குழப்பம் என்று யாராவது சொல்ல வரலாம். மருமகள் பட்டதாரி. தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து வார்டில் 'சீழ்', 'கசிவு' என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'சார்ஜ்' என்ற சொல்லின் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவது. டிஸ்சார்ஜ் என்றால் இறக்குவது. புண் சீழை இறக்குகிறது, ஆஸ்பத்திரி நோயாளியை அனுப்புகிறது, பேட்டரியில் ஏற்றிய மின்சாரம் இறங்குகிறது. மேட்டூர் அணையில் இத்தனை கன அடி டிஸ்சார்ஜ் என்பதும் இதே கணக்கு. நொடிக்கு ஒரு கன அடி என்றால் நொடிக்கு சுமார் 28 லிட்டர் தண்ணீர். கோர்ட்டில் மட்டும் கவனம் வேண்டும். குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே, போதிய முகாந்திரம் இல்லையென்று வழக்கிலிருந்து விடுவிப்பதுதான் அங்கே டிஸ்சார்ஜ். விசாரணை முடிந்து குற்றவாளி இல்லையென்று தீர்ப்பானால் அது விடுதலை. செய்தி வாசிப்பவர்களே இரண்டையும் குழப்புகிறார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் இருப்பது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற குறிப்புத் தாளை, அதாவது டிஸ்சார்ஜ் சம்மரியை, முழுக்க இங்கிலீஷில்தான் தருகிறோம். '1-0-1' என்றால் காலையும் இரவும், மதியம் கிடையாது என்பது ஊருக்குப் போகிற பாட்டிக்கு எப்படித் தெரியும்? தமிழிலும் அச்சடிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டேன், நடக்கவில்லை. அதனால் மாத்திரை அட்டைக்குப் பின்னால் பேனாவால் நானே எழுதித் தருகிறேன். நேற்றும் மூன்று பேருக்கு எழுதினேன். உங்கள் ஆளைக் கூட்டிப்போகும்போது அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். சிஸ்டரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மாத்திரையாகக் கேட்டு, தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.