காங்கேயம் எப்படிப்பட்ட ஊர்? காளையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

அம்மா பிறந்தது காங்கேயம் பக்கம். சின்ன வயதில் லீவு விட்டால் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா வீடுதான். அதனால் நானே சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாட்டைத் தேடாதீர்கள். ஊருக்குள் வருவது தேங்காய்ப் பருப்பு வாசம். ஈரோடு ரோடு, கரூர் ரோடு, தாராபுரம் ரோடு, திருப்பூர் ரோடு என்று ரோட்டை வைத்துத்தான் இடம் சொல்வார்கள். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, பருப்பு காயும் களம் என்று ஊர் முழுக்க இவைதான். திருப்பூர் ரோட்டில் கொஞ்சம் போனால் சிவன்மலை. பக்தர் கனவில் முருகன் கேட்ட பொருளை உத்தரவுப் பெட்டியில் வைக்கிற கோயில். அப்புறம் படியூர். 1819-20இல் ஆங்கிலேயர் பெரில் என்ற ரத்தினக் கல்லை வெட்டியெடுத்த இடம் அது.

மாட்டைப் பார்க்க வேண்டுமா, ஊரைவிட்டு வெளியே வரவேண்டும். அங்கேதான் கொறங்காடு இருக்கிறது. மழை குறைந்த மேட்டு நிலம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். இவ்வளவுதான், ஆனால் இதைவிட அறிவாக அமைத்த மேய்ச்சல் நிலத்தை நான் பார்த்ததில்லை. வேலி இருப்பதால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். கோடையில் புல் கருகிப்போனாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து கிடக்கும். மாடும் ஆடும் அதைத் தின்றே தாக்குப்பிடிக்கும்.

இந்த மாட்டை இனம் பார்த்துப் பெருக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். மாட்டைத் தவிர இன்னொரு பெருமையும் உண்டு. தீரன் சின்னமலை பிறந்த மேலப்பாளையமும் காங்கேயம் பக்கம்தான். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தான் என்று போய்ச் சொல்” என்று அனுப்பிய கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்புச்சி கவலை ஓட்டியவர். எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுதான் கவலை. எருதுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வாராம். தண்ணீர் கொட்டியதும் அவை திரும்பாமல் பின்னோக்கி நடந்தே மேலே ஏறிவருமாம். மோட்டார் வந்ததும் அந்த வேலை போயிற்று. டிராக்டர் வந்ததும் உழவும் போயிற்று. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பாய்ந்த இடங்களில் தென்னை வந்தது. மாடு குறைந்ததற்குக் காரணம் இதுதான். யாருக்கும் அதன் மேல் பாசம் விட்டுப்போகவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்களும் தேடிவந்து கன்று கேட்பதைப் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

வருவதென்றால் சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டி வாருங்கள். அங்கே கூடும் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒருவர் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார், இன்னொருவர் உடம்பில் மயிர்ச் சுழி பார்ப்பார். செவலையாக, அதாவது செந்நிறமாக நிற்கும் கன்றைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும். ஆறு மாதம் போனால் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக மாறிவிடும். காளையாக வளர்ந்தால் தலை, கழுத்து, திமில் எல்லாம் கறுக்கும். காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு மறுபடி வெளுத்துவிடும்.